நண்டு வளை என்று சொன்னேன்

சட்டைப் பையில் அடிக் கணக்கு எழுதும் அந்த மொட்டைப் பென்சில் இல்லாதிருந்தால் எனக்கு அந்த யோசனையே வந்திராது. யுத்தம் முடிந்த மறு வருஷம், திரேஸ்புரத்துக்கு வடக்கே கடலோரப் பொட்டலில், என் கோல்ப் பந்து ஓர் ஆட்டுக் குளம்புத் தடத்தில் கிடந்தது. காய்ந்து இறுகிய தடம். எப்படி அடித்தாலும் ஓர் அடி வீண்; குறைந்த அடியில் குழியில் போட்டவனுக்குத்தான் ஜெயம். இதுவே நண்டு வளையாக இருந்தால்? சட்டென்று தோன்றியது அதுதான். எங்கள் மைதானத்துக்கென்று தனி விதி இருந்தது. நண்டு வளையில் விழுந்த பந்தை வெளியே எடுத்துப் போட்டு ஆடலாம். ஆட்டுக் குளம்புத் தடத்தில் விழுந்தால் கிடந்தபடிதான் அடிக்க வேண்டும்.

அந்த விதியை டைப் அடித்து ஒட்டியவர்தான் அன்று என்னோடு போட்டியிட்டவர். எங்கள் கப்பல் ஆபீஸ் டைப்பிஸ்ட். என் வயதுதான். துரைமார் கழித்துப்போட்ட மட்டைகளை வைத்துக்கொண்டு இருவரும் காலை வேளையில் பழகினோம். நான் புத்தகத்தைப் படித்துப் படித்து ஆடுவேன். அவர் சிரித்துச் சிரித்து ஆடுவார். துரைமாரின் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு துரை சீமைக்குப் போய்விட, அந்த இடம் எங்களில் ஜெயிப்பவருக்கு என்று ஆயிற்று. கடைசிக் குழிக்குச் சமமாக வந்திருந்தோம்.

பென்சிலின் முனையால் தடத்தைக் குடைந்தேன். நண்டு வாசலில் தள்ளிவிடும் மண் உருண்டைகளைக்கூடச் செய்து வைத்தேன்; அவ்வளவு வேகம் என் மூளைக்கு. நாற்பது கஜம் தள்ளி நின்று அவர் கேட்டார்:

"என்னவே, குனிஞ்சே நிக்கீரு? நண்டு வளையா?"

"ஆமா வே."

"அப்ப எடுத்துப் போடும். வெயிலு ஏறுது."

வந்து பார்க்கவில்லை. ஓர் அடி வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். திரும்புகையில் அந்த இடத்தருகே அவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். வார் அவிழ்ந்திருந்ததா, வளையைப் பார்த்தாரா? மூன்று வருஷமாக இதே கேள்விதான்.

முதல் சனிக்கிழமையே என் பந்து நிஜமான நண்டு வளைக்குள் போயிற்று. நண்டே எட்டிப் பார்த்தது. 'நண்டு வளை' என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே கிடந்ததையே வெட்டி வெட்டி மூன்று அடி இழந்தேன். விதி தெரியாதவன் என்று கூட ஆடிய துரை நினைத்திருப்பார். கால்பந்துக்கு விசில் உண்டு. இந்த ஆட்டத்தில் அவரவர் வாய்தான் விசில். நான் சொன்னால் சரி என்று ஒருவர் நம்பி நின்றால்தான் இது ஆட்டம். இல்லையென்றால் வெயிலில் மண்ணை வெட்டும் வேலை. பொழுதுபோக்குத்தானே என்று எத்தனையோ முறை சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொழுதுபோக்கில்கூட நேராக இருக்க முடியவில்லையே என்றுதான் மனசு திருப்பிக் கேட்டது. திங்கட்கிழமைதோறும் டைப்பிஸ்ட் மிஷினிலிருந்து தலை தூக்காமலே கேட்பார்: "என்னவே, இந்த வாரம் நண்டு ஏதும் கடிச்சுதா?" ஆபீஸே சிரிக்கும். நான் மட்டும் பேரேட்டைப் புரட்டுவேன்.

இப்போது துரைமார் போய்விட்டார்கள். மைதானத்தை நடத்தச் சொல்லி என்னிடம் தந்திருக்கிறார்கள்; விதிகள் எழுதும் பொறுப்பும் என்னுடையது! டைப்பிஸ்டுக்குக் கொழும்பில் வேலை. செவ்வாய்க்கிழமை கப்பல். இன்று கேட்டுவிட்டேன்: "போறதுக்கு முன்ன அந்தக் கடைசிக் குழியை மட்டும் இன்னொருக்க ஆடுவமா வே?"

"எதுக்கு வே? அதான் ஜெயிச்சாச்சே," என்றார். பிறகு மிஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு, "சரி, காலைல வாரேன்" என்றார்.

நாளைக் காலை. அங்கே ஆட்டுக் குளம்புத் தடத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் பந்தை வைப்பேன். 'அன்னைக்கும் இதுதான் வே, நண்டு வளை இல்ல' என்று சொல்ல வேண்டும். அவர் மட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கலாம். நடக்காமல் நின்றால், இன்னும் என்னிடமே இருக்கும் அந்தப் பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிடந்தபடி அடிப்பேன். எத்தனை அடி என்று அவரே எழுதட்டும்.