கிடைக்காதவள் சொன்ன சாட்சி

எங்கள் கவரைப்பேட்டை சபையில் ஞாயிறுதோறும் காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. ஜெபத்தில் கேட்டது கிடைத்தவர்கள் எழுந்து நன்றி சொல்வார்கள். பசு கன்று போட்டது, மருமகன் திருந்திவிட்டான், தம்பிக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை ஆனது. பாதி புளுகு. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

கிடைக்காததைச் சொல்ல எழுந்த ஒரே ஆத்மா சாராள். ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்பவள். அவள் புருஷன் தானியேல் ரயில்வே கேங்கில் தண்டவாளம் தூக்கியவன். வாயைத் திறந்தால் பொன்னேரி வரைக்கும் கேட்கும். அறுபத்தொன்பதாம் வருஷம் ஒரு காலை, தட்டின் முன் உட்கார்ந்து, "ஏ சாராளு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். சொல்வதற்குள் பக்கவாதம் அடித்துச் சாய்த்துவிட்டது. கைகாலோடு பேச்சும் போனது. அந்த ஒண்ணு என்னவென்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஆண்டவரிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

"ஸ்தோத்திரம். எங்க ஊட்டுக்காரரு இந்த வாரமும் பேசல. மேல இருக்கிறவருக்குக் காது மந்தமா இன்னான்னு தெரில." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பின்வரிசை சிரிக்கும். நானும்தான்.

ஆராதனை நடத்தும் உபதேசியார் தேசப்பன் கர்த்தருக்குப் பயந்தவர், சாராளுக்கு அதைவிடப் பயந்தவர். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சாராளம்மா, சாட்சின்னா கெடைச்சத சொல்றது" என்றார்.

"கெடைச்சவங்களே பேசிக்கினு இருந்தா, கெடைக்காதவங்க எங்க போய் சொல்றது, உபதேசியாரே?"

அவர் வேதப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காணிக்கைப் பாட்டை எடுத்தார்.

மெட்ராஸிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். தானியேல் தலையில் எண்ணெய் தடவி ஜெபித்தார், ஒன்றும் நடக்கவில்லை. சாராளுக்கு விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டார்.

"தெனம் காத்தால அவரு வாயப் பாத்துக்கினு உக்கார்றேனே, அதுக்குப் பேரு இன்னா?" என்று கேட்டாள். மனிதர் அடுத்த ரயிலைப் பிடித்தார்.

எழுபத்தைந்தாம் வருஷம் தானியேல் செத்துப்போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. இனி அவள் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் படுத்திருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறே வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் உபதேசியார் சாட்சியைத் தாண்டி நேரே காணிக்கைப் பாட்டுக்குப் போகப் பார்த்தார். சாராள் எழுந்தாள்.

"சாட்சிய உட்டுட்டீங்க, உபதேசியாரே. ஸ்தோத்திரம். எங்க ஊட்டுக்காரரு பேசாமயே பூட்டாரு. நான் கோவமாத்தான் கீறேன். அந்த ஊட்டுல இத்தினி வருசமா நான் பேசினது ரெண்டு பேருகிட்ட. ரெண்டு பேரும் ஒரு பதில் சொன்னதில்ல. ஒருத்தரு பூட்டாரு. இன்னொருத்தரையும் உட்டுட்டா, நான் யாருகிட்ட பேசறது?"

பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சாராளே பாட்டை எடுத்தாள், வழக்கம்போல் சுருதி தப்பி. நாங்கள் அவள் பின்னால் பாடினோம்.