வெள்ளிமலை வேனின் மஞ்சள் விளக்கு

‘மின்னணு பிரேக் கட்டுப்பாட்டு முறைகளில் கைதேர்ந்த வல்லுநர்’ என்று செபாஸ்தியானுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. கள்ளக்குறிச்சியிலிருந்த தன் ஷெட்டில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பயிற்சி சேலத்தில் நடந்தது. மத்தியானச் சாப்பாடு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த பாடம்தான் நினைவில்லை.

அந்தச் சான்றிதழை நம்பி அரங்கநாதன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். தினமும் வெள்ளிமலைக்கு ஆளேற்றும் வேன். மலைச் சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் செபாஸ்தியானின் மகள் மெர்லினும் அதில்தான் போய்வருவாள். டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்தபடியே இருந்தது. ஈரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோலர் செத்துவிட்டது. சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் சறுக்கினால் காப்பாற்ற ஆளில்லை.

“புதுசு சென்னையிலேர்ந்து வரணுங்க. நாளாவும்” என்றார் செபாஸ்தியான்.

“அதுவரிக்கும் வண்டிய இன்னா பண்றது, பூட்டி வச்சி பூசை போடறதா? தியாகதுருகத்துல இதே வண்டி ஒன்னு ஒடைக்கப் போட்டுருக்கான். அதுலேர்ந்து கழட்டி மாட்டு.”

மாட்டினார். பிரேக் ஆயில் ஊற்றிக் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றினார். விளக்கு அணைந்தது. அரங்கநாதன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். விளக்கு எரிந்தால் நோய், அணைந்தால் குணம். ஊர் வைத்தியம் அத்தோடு முடிந்தது.

செபாஸ்தியானுக்கு மனசு கேட்கவில்லை. மழையில் நனைந்த ஏரிக்கரை மண்ரோட்டில் ஓட்டிப்போய் ஓங்கி மிதித்தார். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வேன் பக்கவாட்டில் இழுத்துப்போய்க் கரும்பு வயலோரம் நின்றது. விளக்கு மட்டும் எரியவில்லை. பார்வைக்கு அதே சாமான், ரகம்தான் வேறு.

திரும்பி வந்து சொன்னார்.

“லைட்டு போச்சில்ல? அப்புறம் இன்னா?” என்றார் அரங்கநாதன்.

டிரைவர் அஜித்துக்கு ஒரே சந்தோஷம். “அது எரிஞ்சப்போ மாரியாத்தா மொறைக்கிற மாதிரியே இருந்திச்சு மேஸ்திரி. செகண்ட் கியர்லயே எறங்கிக்கினு கெடந்தேன். இனிமே சும்மா ஜோரா எறங்கலாம்.”

வேலை செய்யாத கண்ட்ரோலரைவிட, அணைந்த விளக்கை நம்பிவிட்ட அஜித்தை நினைத்துத்தான் செபாஸ்தியானுக்குப் பயம். சின்ன வேலை பாக்கி என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் விளக்கு மறுபடி எரிந்தது. தியாகதுருகத்துச் சாமான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் செபாஸ்தியான். அரங்கநாதன் சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டினார். “இன்னாத்துக்கு அத மாட்டி வச்சிக்கினு கீற? காலண்டர் மாட்டுனா தேதியாவது தெரியும்.”

பேச்சு ஊரில் பரவியது. வண்டிகள் அடுத்த ஷெட்டுக்குப் போயின. புது கண்ட்ரோலர் வரவேயில்லை. அரங்கநாதன் சொல்லி அனுப்பவுமில்லை. விளக்கைப் பிடுங்கித் தரும் ஷெட்டுகளுக்கு ஊரில் பஞ்சமில்லை, என்றைக்கு அங்கே போவாரோ.

“வேன் நத்தையாட்டம் வருதுப்பா, டெய்லி லேட்டு. நீ கைவச்ச வண்டின்னு எல்லாம் சிரிக்கிறாங்க” என்றாள் மெர்லின். செபாஸ்தியான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

விளக்கு எரியட்டும் என்று, அவர் செத்துப்போன கண்ட்ரோலரையே திரும்ப மாட்டியிருந்தார்.