அம்மா எண்ணிய விலா எலும்புகள்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைத் திருகாணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வளைந்துபோன முதுகெலும்பை நிமிர்த்த, டாக்டர் எந்த எலும்பில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்துக்குத் திருகாணி இறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்டுப் பார்த்துத் தாளில் கொடுப்பது அவள் வேலை. ஒரு நூல் பிசகினால் தண்டுவடம். பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விடும். இப்படிப்பட்ட வேலை செய்கிறவள் வீட்டில் காலண்டர் மாட்ட ஓர் ஆணியை நேராக அடித்ததில்லை என்பது கணவரின் தீராத புகார்.

அவளுக்கு இரண்டு வழக்கங்கள். ஒன்று, நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கை நடுங்கும் என்பாள். இன்னொன்று, முதுகெலும்புகளின் எண் தப்பாமலிருக்க, தாளை அனுப்புமுன் திரையில் விரல் வைத்து விலா எலும்புகளை மேலிருந்து எண்ணுவாள். திரை முழுக்க ரேகைதான். புதிய மென்பொருள் எலும்புகளுக்குத் தானே எண் போட்டுவிடும். அதைப் போட்டுக்கொடுக்க வந்த இன்ஜினியர், "இன்னுமா அக்கா விரல் விட்டு எண்றீங்க?" என்று சிரித்தார். நாலு பேர் முன்னால் கேட்டதில் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தியின் படம் வந்தபோது அவள் எண்ணவில்லை. ரோஷம் வந்து உட்கார்ந்தால் புத்தி எழுந்து போய்விடும்.

ஆபரேஷன் அன்று காலையில் படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், நோயாளிகள் போகும் லிப்டில் ஏறினாள். முன்னால் ஒரு சக்கர நாற்காலி. அதில் இருந்த பெண்ணின் ஒரு தோள் ஏறி, மறு தோள் இறங்கியிருந்தது. முகம் தெரியாவிட்டால் என்ன, அந்த வளைவு அவளுக்குத் தெரியும்.

பெண்ணின் அம்மா குனிந்து, மகளின் விலாவில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பத்து, பதினொண்ணு. அவ்ளோதான்."

"பன்னெண்டும்மா. புக்லயே போட்டிருக்கு. உனக்குக் கணக்கே வராது."

"குளிப்பாட்டுன காலத்துலேருந்து எண்றேன். பதினொண்ணுதான் வருது, நான் என்ன பண்ண?"

பயத்தை மறக்க இருவரும் விளையாடிய விளையாட்டு அது. திருகாணி அக்காவுக்கோ, அந்தப் படத்தில் தான் எண்ணாமல் விட்டது நினைவுக்கு வந்தது. அடுத்த மாடியில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈரப் படிகளில் கீழே தன் அறைக்கு ஓடினாள். படத்தைத் திறந்து விரல் வைத்தாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான்.

பன்னிரண்டு இருந்தே தீரும் என்று நம்பிய கம்ப்யூட்டர், விலாவே இல்லாத அடுத்த எலும்புக்கும் பன்னிரண்டு என்று எண் போட்டிருந்தது. டாக்டரோ கீழே கடைசி விலா உள்ள எலும்பைப் பன்னிரண்டு என்று வைத்து மேல்நோக்கி எண்ணுகிறவர். இரண்டு கணக்கும் ஓர் எலும்பு தள்ளிப்போகும். ஓர் எலும்புக்கு எடுத்த அளவில் பக்கத்து எலும்பில் திருகாணி இறங்கும்.

அவள் ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடியபோது டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிறவர்.

"சார், தாள் தப்பு. எண்ணாம விட்டது நான்தான்."

முழங்கை வரை நுரையோடு அவளைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நின்றாள். அவர் உள்ளே திரும்பி, "மயக்கம் குடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"உனக்கு எவ்ளோ நேரம் வேணும்?"

"ஒரு மணி நேரம் சார்."

"ரெண்டா எடுத்துக்க. விரல் விட்டே எண்ணு."

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவள் தன் வழக்கத்தை உடைத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். அந்தப் பெண் சுவரைப் பிடித்து நின்று, வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தாள். தோள்கள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. திருகாணி அக்கா முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நடந்தது முழுவதையும், தன் தப்பையும் சேர்த்து, அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

திருகாணி அக்கா பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, உனக்குப் பதினொண்ணுதான். அம்மாவுக்குக் கணக்கு நல்லாவே வரும்."

ஆபரேஷன் அன்றுகூட அழாத அந்த அம்மா அப்போதுதான் அழுதாள்.