துணி அலமாரிக்கு அந்தப் பக்கம்

பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் இணைப் பிரபஞ்சத்துக்குப் போகும் வழி, படுக்கையறைத் துணி அலமாரியில் இருந்தது. ஆள் உள்ளே நுழையக்கூடிய பெரிய அலமாரி. தீபாவளிக்கு வாங்கிய நீல சீரியல் பல்பைக் கதவுச் சட்டத்தில் டேப் போட்டு ஒட்டினோம். கணவரின் குளிர்கோட்டுகளையும் என் பட்டுப்புடவைகளையும் ஓரம் தள்ளினோம். பிரபஞ்சம் தயார். எங்கள் படத்தின் பட்ஜெட் அந்த லட்சணம்தான்.

படம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குறும்படம். கணவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு டைரக்டர் ஆகும் ஆசை. வாரம் முழுக்க பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்து மன்ஹாட்டன் போய் ஏதோ வங்கிக்கு சாஃப்ட்வேர் எழுதுவார். சனிக்கிழமை ஆனால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேமராவோடு வந்து நிற்பார். கேமரா இருந்தது, கதை இல்லை. "கதைக்கா ஆள் இல்ல? நம்ம வீட்டுலயே ஒருத்தி சும்மாதானே இருக்கா" என்று கணவர் என்னைக் கைகாட்டினார்.

சும்மா! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிண்டியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இன்ஜினியராக இருந்தவள் நான். நான் கணக்குப் போட்டுக் கொடுத்த தூண்களின் மேல் இன்றைக்கும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து எச்-ஃபோர் விசாவில் இங்கே வந்தேன். கணவனின் விசாவில் ஒட்டிக்கொண்டு வருகிற விசா அது. அன்றைக்கு என் நிலையில் இருந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. "ரெண்டே வருஷம்மா, அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லித்தான் என்னை ராஜினாமா செய்ய வைத்தார். அந்த ரெண்டு வருஷம் எப்போதோ போய்ச் சேர்ந்தது, க்ரீன் கார்டு வரிசைதான் நகரவில்லை. இருந்த ஒரே காரை அவர் ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். நான் ஜன்னலில் நின்று பார்க்கிங் லாட்டைப் பார்ப்பேன். இதைப் பற்றி வாயைத் திறந்தால், "எனக்கு மட்டும் என்ன ஜாலியாவா இருக்கு?" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பேச முடியாததைக் கதையாக எழுதினேன். வேலையை விடாமல் சென்னையிலேயே இருந்துவிட்ட இன்னொரு நான், வேறொரு பிரபஞ்சத்திலிருந்து அலமாரி வழியாக வருகிறாள். இங்கே இருப்பவளின் கோலத்தைப் பார்த்துக் கொதித்துப்போகிறாள். பழி வாங்குகிறாள். கத்தி, ரத்தம் எதுவும் கிடையாது. கணவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எல்லாமே தலைகீழாக இருக்கும் ஒரு பிரபஞ்சத்தில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாள். அங்கே மனைவி வேலைக்குப் போகிறாள், அவன் எச்-ஃபோர். கடைசிக் காட்சியில் அவன் ஜன்னலோரம் நின்று போனில், "எப்ப வருவ?" என்று கேட்கிறான். படம் முடிந்தது.

அந்த "எப்ப வருவ?" ஒன்றுக்காகத்தான் முழுக் கதையையும் எழுதினேன். டைரக்டரிடம், "மத்த எதை வேணா மாத்திக்கோங்க, கடைசி சீன்ல மட்டும் கை வெக்காதீங்க" என்று தெளிவாகவே சொன்னேன். "ஐயோ, அதுதாங்க படமே!" என்று தலையில் அடித்து சத்தியம் செய்தார் மனிதர்.

நடிக்க ஆள் கிடைக்காததால் இரண்டு பெண்களும் நானே, கணவன் என் கணவரே. அலமாரியிலிருந்து அவள் வரும்போது புகை வேண்டும் என்றார் டைரக்டர். புகை மெஷினுக்கு எங்கே போவது? தட்டில் கரியைப் பற்றவைத்து சாம்பிராணியை அள்ளிப் போட்டோம். படுக்கையறை கோவில் கருவறை மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கண் எரிந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. "நிறுத்துங்க, கண்ணு எரியுது, நிறுத்துங்க" என்று நான் கத்தக் கத்த டைரக்டர் கேமராவை நிறுத்தவில்லை. கடைசியில் ஸ்மோக் அலாரம்தான் நிறுத்தியது. கட்டடமே காலியாகி எல்லோரும் குளிரில் வெளியே நிற்க, ஃபயர் இன்ஜின் வந்தது. கீழ் வீட்டு குஜராத்தி ஆன்ட்டி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஜன்னல் காட்சியைக் கடைசியாக எடுத்தோம். வெளிச்சம் மெல்ல இறங்குவது தெரிய வேண்டும் என்று கணவரை ஒரு மத்தியானம் முழுக்க ஜன்னலில் நிற்க வைத்தார் டைரக்டர். அன்று சாயங்காலம் இவர் வழக்கமான பேச்சுகூடப் பேசவில்லை. கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தைத் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் போட்டார்கள். ஒரு ஹைஸ்கூல் ஆடிட்டோரியம். பட்டுப்பாவாடைக்கு மேல் பஃபர் ஜாக்கெட் போட்ட பிள்ளைகள், பின்னால் அலுமினிய ட்ரேக்களில் சர்க்கரைப் பொங்கல், அதற்கு முன்னாலேயே வரிசையில் இடம் பிடித்து நிற்கும் அங்கிள்கள். பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே எங்கள் படம். ஊரே பார்க்க அந்த ஒரு கேள்வியை என் கணவர் தன் வாயால் கேட்கப் போகிறார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அலமாரி திறந்தது. புகைக்குள்ளிருந்து நான் வந்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். வாய் திறந்தேன். வேறு ஒருத்தியின் குரல் வந்தது.

"நீ குடுத்து வெச்சவடி. எனக்கு வேலை இருக்கு, பதவி இருக்கு. வீட்டுக்கு வந்தா ஒரு வாய் காபி கேக்க ஆள் இல்ல. இவரை விட்டுடாத."

என் உதடுகள் என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரியாதா? "நிறுத்துங்க, கண்ணு எரியுது, நிறுத்துங்க." அதன் மேல் அந்தத் தேன் குரலை ஒட்டவைத்திருந்தார்கள். அவள் கண்ணீரோடு அலமாரிக்குள் திரும்பிப் போனாள். இவள் கணவனுக்குக் காபி கொடுத்தாள். சுபம். ஜன்னலும் இல்லை, போனும் இல்லை.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கத்து சீட் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ நேச்சுரலா அழறம்மா! எங்க வீட்டு மருமகளுக்கு இதைப் போட்டுக் காட்டணும்" என்றார். அழவா, அறையவா என்று தெரியவில்லை. சிரித்துத் தொலைத்தேன்.

டைரக்டரைப் பொங்கல் வரிசையில் பிடித்தேன். "யாரு குரல் அது?"

"என் வொய்ஃப்தாங்க. நம்ம சினிமால ஹீரோயினுக்கு வேற ஆள்தானே எப்பவும் டப்பிங் குடுப்பாங்க..."

"கடைசி சீன் எங்க?"

"ஃபேமிலி ஆடியன்ஸ்ங்க. அதோட..." என்று இழுத்தார். "சார்தான் மாத்தச் சொன்னார். உங்ககிட்ட பேசிட்டதா சொன்னாரே?"

சார் என்றது என் கணவரை. கொஞ்ச தூரத்தில் யாரோ அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். சரி, எடுத்த காட்சியையாவது கொடுங்கள் என்றேன். கேமராவின் மெமரி கார்டை அழித்து அதில் தன் பெண்ணின் அரங்கேற்றத்தை எடுத்துவிட்டாராம். அடப்பாவி மனுஷா!

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏங்க வெட்டச் சொன்னீங்க? அந்த சீன் உங்களுக்குப் புரியலையா?"

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிக்னல் சிவப்பாக இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "புரியாமலா? அன்னிக்கு மத்தியானம் ஃபுல்லா அங்க நின்னேனே. மூச்சு முட்டிடுச்சு. எப்படா எவனாவது கூப்புடுவான்னு ஆயிடுச்சு. டெய்லி நீ இப்படித்தான் இருக்கியான்னு அப்பதான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சதாலதான். ஆபீஸ் ஆளுங்க எல்லாம் பாக்கறாங்க. என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லி என்ன பண்றது? ஏதோ ஓடிட்டிருக்கு. விடேன்."

சிக்னல் விழுந்தது, வண்டி கிளம்பியது. அதுவரை எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. பாவம், இவருக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படி இருக்க மாட்டார் என்று. சண்டை போட்ட நாட்களில்கூட அதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். ஊரில் அம்மா போன் செய்து கேட்டாலும், "அவருக்குத் தெரியாதும்மா" என்றுதான் சொல்வேன். இனி அம்மாவிடம் என்ன சொல்வது?