தீப்பெட்டிகளில் ஒரு வண்டி

அந்த வண்டியை நான் பிரித்தது பங்குனியில். சேர்க்கத் தொடங்கியது புரட்டாசியில். இடைப்பட்ட ஆறு திங்களில் என் அறிவுக்கு என்ன நேர்ந்ததென்று இன்றும் விளங்கவில்லை.

உதைத்துக் கிளப்பும் அந்த இருசக்கர வண்டி என் மனைவியின் தமையனாருடையது. கால்நடை ஆய்வாளராகப் புதூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பணிசெய்த காலமெல்லாம் அவர் அதில்தான் திரிந்தார். மழை பெய்த கரிசலில் மற்ற வண்டிகள் சிறிது தொலைவு செல்வதற்குள் சக்கரத்துக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே களி அடைத்து நின்றுவிடும். மேடுபள்ளத்துக்கென்றே அமைந்த இந்தப் பழைய வண்டியிலோ முன்மூடி ஒரு சாண் உயர்ந்து நிற்கும்; அடைக்க இடமில்லை. ஓய்வுபெற்ற பின் அதை எங்கள் வீட்டுக் கொட்டகையில் விட்டிருந்தார், துருவேறிக் கிடந்தது. வரும் கார்த்திகையில் விளாத்திகுளத்து வீட்டை ஒழித்துவிட்டு, கோயம்புத்தூரில் மகளோடு குடியேறுவதென்று அவர் முடிவு செய்தபோதுதான் அதன் நினைவு வந்தது.

"மாப்ள, மழை பெய்ஞ்ச கரிசல்ல ஒரே ஒரு தடவ அதுல போயிட்டு வந்துட்டாப் போதும். பொறவு பேசாமப் பொட்டியக் கட்டிருவேன்" என்றார்.

நானே சீர்செய்து தருவதாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதே முதற்குழப்பம். செய்யுளைச் சீர்பிரித்துப் பாடஞ்சொன்ன தமிழாசிரியனுக்கு ஒரு பொறியைப் பிரித்துச் சேர்க்க இயலாதா என்று எண்ணியிருக்க வேண்டும்.

அண்டைவீட்டுத் தீப்பெட்டி ஆலைக்காரர் வெற்றுப் பெட்டிகளை ஒரு சாக்கு நிறையத் தந்தார். பெட்டிக்கு ஓர் உறுப்பு. மேலே ஒட்டிய தாளில் அதன் பெயர். கடைத்தெருவில் வழங்கும் பெயர்களை எழுத மனம் ஒப்பவில்லை. நானே தூய தமிழில் பெயர் சூட்டினேன். அந்நாள்களில் மிக மகிழ்ந்திருந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

புரட்டாசியில் பெட்டிகளை எடுத்தேன். 'சிறுவளையம்', 'குறுவளையம்', 'நுண்வளையம்'. சிறுமைக்கும் குறுமைக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். இரு வளையங்களையும் உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். எது சிறிது, எது குறிது? 'தாழ்' என்று நான்கு பெட்டிகள். நான்கிலும் வெவ்வேறு பொருள்கள். 'ஊடுருவி' என்ற பெட்டியில் ஒரு கம்பி. அது எதை ஊடுருவிற்று?

"எங்க அண்ணன் போன்ல கேக்காவ. என்ன சொல்லட்டும்?" என்றாள் மனைவி.

"பொருள்கோள் நடைபெறுகிறது என்று சொல்."

"அப்படியே சொன்னா பயந்துருவாவ."

வேறு வழியின்றிப் பட்டறைக்காரர் ஒருவரை அழைத்து வந்தேன். குத்தவைத்து அமர்ந்து, ஒரு பெட்டியைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"சார், 'நெட்டுயிர்ப்பான்'னா என்னது?"

எனக்கு நினைவு வரவில்லை. அவர் திறந்து பார்த்தார். "பிரீதர் பைப்பு. அப்படி எழுதுனா தமிழ் செத்தா போயிரும்? இங்கன 'நாணி'ன்னு ஒண்ணு கெடக்கு. யாரு சார் நாணுதது?"

தொட்டால் உள்வாங்கும் ஒன்று என்பது மட்டுமே நினைவிருந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தது.

அதன்பின் அவர் தாள்களைப் படிக்கவேயில்லை. பெட்டிகளைத் திறந்து, கண்ணால் பார்த்தே ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பொருத்தினார். மூன்றாம் நாள் வண்டி இருமி, புகைகக்கி, உயிர்பெற்றது. அப்போதும் ஒரு பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது. என் கையெழுத்தில் அதன்மேல் 'இன்றியமையாதது' என்றிருந்தது. உள்ளே புளியங்கொட்டை அளவில், நடுவே துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டு.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். குனிந்து வண்டியையும் பார்த்தார். "இந்த வண்டியிலதான் இருந்துச்சா?"

"என் கையெழுத்துத்தான்."

"கையெழுத்து சரி சார். சாமான் யாருது?"

தெருமுனைவரை இருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுது. பிரேக்குப் புடிச்சா நிக்குது. வேற என்ன வேணும்?" என்று புறப்பட்டுவிட்டார்.

ஐப்பசியின் முதல் பெருமழைக்கு மறுநாள், நாகலாபுரத்தருகே எங்கள் காட்டுக்கு வண்டியைச் சரக்குந்தில் ஏற்றிச் சென்றோம். மைத்துனர் மூன்றாம் உதையில் கிளப்பி, கரிசற்பாதையில் இறங்கிச் சென்றார். பெட்டி என் சட்டைப்பையில் இருந்தது. ஒலி தேய்ந்துகொண்டே போய், சட்டென அற்றது.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள் உடன்வந்த மனைவி.

தொலைவு விழுங்கிற்றா, வண்டி நின்றதா? இன்றியமையாத ஒன்று இல்லாமல் ஒருவரை அனுப்பிவிட்டேனே என்று நடந்தேன். அடிக்கோர் அப்பலாகக் களி ஏறி, செருப்பு இரண்டும் கல்லாய்க் கனத்தன. கழற்றி எறிந்துவிட்டு ஓட முயன்றேன். அப்போது மீண்டும் ஒலி கேட்டது. மார்புவரை சேறு தெறிக்க வந்து நின்றார்.

"நான்தான் ஆஃப் பண்ணுனேன் மாப்ள. சும்மா நின்னு காட்டப் பாத்துட்டு வாரேன்."

பெட்டியை நீட்டி நடந்ததைச் சொன்னேன். எங்கிருந்து கழற்றினேன் என்று தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். அவர் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இத்தன வருசம் ஓட்டுன எனக்கே தெரியலயே! எங்கிட்டயே இருக்கட்டும்." துண்டைப் பையிலிட்டுக்கொண்டு, வெறும் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

கார்த்திகையில் அவர் போய்விட்டார். வண்டி கொட்டகையில் நிற்கிறது, உதைத்தால் கிளம்புகிறது. அந்தத் துண்டு எதற்கென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சொல் என் மேசைமேல் இருக்கிறது. பொருள் கோயம்புத்தூரில் இருக்கிறது.