மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி

திண்டிவனத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி இல்லாத செடி இல்லை, மஞ்சள் அடுக்குச் செம்பருத்தியைத் தவிர. கோலியனூரில் ஒரு வீட்டு மதிலுக்கு வெளியே அது பூத்துத் தொங்குவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேட்டு வாங்கின கிளை பிடிக்காது, திருடி நட்டால்தான் துளிர்க்கும் என்பது எங்களைப் போன்ற செடிப் பைத்தியங்களின் நம்பிக்கை. மறுநாளே போய்க் கிளையில் கை வைத்தேன். கேட் திறந்தது. வீட்டுக்கார அம்மா! சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"நடறதுக்குத்தானே? நான் குடுத்தா வேர் புடிக்காதுங்க. திரும்பி நின்னுக்கறேன், ஜல்தியா ஒடிச்சுக்கினு போங்க."

சொன்னபடியே முதுகைக் காட்டி நின்றார்.

இப்போது என் மதிலுக்கு வெளியேயும் அது பூக்கிறது. யாராவது பக்கத்தில் தயங்கி நின்றால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனாலும் கிளை முறியும் சத்தம் கேட்கும்வரை நான் திரும்பிப் பார்ப்பதில்லை.