கழலாத பூ

பட்டறையில் அவருக்குச் சிப்பிக்காரர் என்று பெயர். பழைய மேசை, அலமாரிகளில் உதிர்ந்த சிப்பிப் பூக்களை அறுத்துப் பதிப்பதில் முப்பது வருஷத்துக் கை.

பழைய சாமானுக்கு வச்சிரப் பசை காய்ச்சித்தான் ஒட்ட வேண்டும். சூடு காட்டினால் இளகும், பின்னால் வருகிறவன் பிரித்து வேலை பார்க்கலாம். டியூப் பசை போட்டாலோ ஜென்மத்துக்கும் விடாது. அதைத் தொட்டவனுக்குப் பட்டறையில் இடமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் காலி டியூப் ஒன்று அங்கேயே வேலை பார்த்த அவர் தங்கை புருஷனின் பெஞ்சுக்கடியில் கிடந்தது. முதலாளி விசாரிக்கவே இல்லை, துரத்திவிட்டார். டியூப் நம்ம சிப்பிக்காரருடையது. மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்த அவசரத்தில் ஒரு மேசையில் ஒரே ஒரு பூவை அப்படி ஒட்டிவிட்டு ஓடினார். மறுநாள் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. மச்சான் மூட்டை தூக்கப் போனார்.

போன வாரம் தங்கை போன் பண்ணினாள். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு. “அவருக்கு முதுகு போயிடுச்சுண்ணே. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்.” சிப்பிக்காரர் கெஞ்சிக் கூத்தாடி, மச்சானைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்ல அனுமதியும் வாங்கிவிட்டார்.

அதற்குள் அந்த மேசையே திரும்பி வந்து தொலைத்தது. தண்ணீர் புகுந்து பலகை ஊதியிருந்தது, பூக்களை எல்லாம் கழற்றியாக வேண்டும். பதினொன்று சமர்த்தாக வந்துவிட்டன. பன்னிரண்டாவதுக்கு இஸ்திரிப் பெட்டி வைத்தார், ஆவி காட்டினார், ‘வந்துடு தாயே’ என்று கும்பிடாத குறை. கத்தியைக் கொடுத்து நெம்பியதும் இதழ் படக்கென்று இரண்டாகப் போயிற்று. முதலாளி பின்னால் நின்றிருந்தார்.

குனிந்து பார்த்தவர் நகத்தால் பசையைச் சுரண்டினார்.

“உன் மச்சான் வேலைதானே இது?”

இல்லை என்றால் இந்த வயதில் தெருவில் நிற்க வேண்டும். வேறு எந்தப் பட்டறை சேர்க்கும்?

“ஆமாங்க” என்றார்.

“அப்ப திங்கக்கிழமை அவன் வர வேண்டாம். நீயே சொல்லிடு.”

முதலாளி போய்விட்டார். பாவி மனுஷன் போனைக் கையில் எடுத்தார். முதல் மணியிலேயே தங்கை எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை போட்டுக்கொண்டு வரப் புருஷனுக்குப் புதுச் சட்டை வாங்கியிருப்பதாகச் சொன்னாள்.